இருட்டறையிலிருந்து வந்த கருவிகள்

போட்டோஷாப்பைத் திறந்தால் இடது ஓரத்தில் ஒரு கருவிப்பட்டை நிற்கிறது. அதில் குச்சி மிட்டாய் மாதிரி ஒன்று இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால் விரல்களை வளைத்துக் குவித்த ஒரு கை வெளியே வரும். கயிற்றுச் சுருக்கு, ரப்பர் ஸ்டாம்ப், பேனா முள், பிளாஸ்திரி எல்லாம் அக்கம்பக்கத்திலேயே குடியிருக்கின்றன. புதிதாகக் கற்க வருகிறவர்கள் எது என்ன செய்யும் என்று மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். ஏன் அப்படிச் செய்கிறது என்று பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு இதில் நெடுநாளாக வருத்தம் உண்டு. இந்தக் கருவிகளில் பல, கணினி பிறப்பதற்கு முன்பே யாரோ கையில் பிடித்து வேலை செய்தவை. சில இருட்டறையிலிருந்து வந்தன. ஒன்று இங்கிலாந்தின் சோடா உப்பு ஆலையிலிருந்தும், இன்னொன்று பிரெஞ்சுக் கார் கம்பெனிகளிலிருந்தும் வந்தன. வந்த வழி தெரிந்தவருக்குக் கருவி சீக்கிரம் கைக்குப் படியும்.

முதல் சிக்கல் வானத்தில் தொடங்கியது. 1850களில் கண்ணாடி நெகட்டிவில் பூசிய கொலோடியன் கலவை நீல ஒளிக்கு அளவுக்கு மீறி இளகிக் கொடுத்தது. கடலும் கரையும் சரியாகப் பதியும்வரை காத்திருந்தால், அதற்குள் வானம் தேவைக்கு மேல் ஒளி வாங்கி, அச்சில் வெறும் வெள்ளைத் தாளாக வந்து நிற்கும். பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1856, 57ஆம் ஆண்டுகளில் இதற்கு ஒரு வழி செய்தார். கடலுக்கு ஒரு நெகட்டிவ், மேகத்துக்கு ஒரு நெகட்டிவ். ஒன்றை அச்சிடும்போது தாளின் மறுபாதியை மூடி வைத்தார். பிறகு மாற்றி மூடினார். இரண்டும் அடிவானக் கோட்டில் சந்தித்தன. மனத்துக்குப் பிடித்த மேகம் ஒன்று அமைந்துவிட்டால், அதையே வேறு வேறு கடல்களின் மேலும் மிதக்கவிட்டார். இன்று ‘மாஸ்க்’ என்று நாம் சொல்கிற வேலை இதுதான்: ஒரு பகுதியை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் தொடுவது. அதே 1857இல் மான்செஸ்டர் கண்காட்சியில் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை ஒட்டி ஒரே நாடகக் காட்சியாக்கிய படத்தை வைத்தார். அது ஏமாற்று வேலை என்று ஒரு கூட்டம் சண்டைக்கு வந்தது. விக்டோரியா அரசி ஒரு பிரதி வாங்கினார்.

அந்த நாட்களில் இதே வானச் சிக்கலோடு தமிழ்நாட்டில் ஒருவர் மாட்டுவண்டிப் பாதைகளில் அலைந்துகொண்டிருந்தார். லின்னேயஸ் டிரைப், கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். 1857 இறுதியிலிருந்து 1858 வரை ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றிக் கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். அவருடைய நெகட்டிவ்களை இன்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். பின்பக்கத்தில் நிறமி தொட்டு மேகங்கள் வரையப்பட்டிருந்தன. மரங்களின் இலைக்கூட்டம் தெளிவில்லாமல் விழுந்த இடங்களிலும் தூரிகை போயிருந்தது. நெகட்டிவில் மை தொட்ட இடத்தில் ஒளி ஊடுருவாது. தாளில் அந்த இடம் வெளுக்கும். அந்தக் கணக்கைத் தலைகீழாகவே மனத்தில் போட்டு அவர் வானம் வரைந்திருக்கிறார்.

டிரைப் செய்த இன்னொரு வேலை எனக்கு அதைவிடப் பிடித்தது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை அவர் துண்டு துண்டாகப் படமெடுத்தார். நகர்ந்து நகர்ந்து, ஒவ்வொரு முறையும் கேமராவை நிறுத்தி நிறுத்தி எடுத்த 21 படங்களின் ஓரங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்தில் ஒரே படச்சுருளாக்கினார். படிக்கிறவர் கல்லைத் தடவிக்கொண்டு நடப்பதுபோல வரிகள் ஓடவேண்டும் என்பது நோக்கம். இன்று போட்டோஷாப்பில் படங்களைத் தேர்ந்து கட்டளை கொடுத்தால், ஓரங்களைத் தானே பொருத்திச் சில நொடிகளில் பனோரமா தந்துவிடுகிறது. அந்த நொடிகளில் நடக்கிற வேலை என்ன என்று தெரிந்துகொள்ள டிரைப்பின் சுருளை ஒருமுறை பார்க்க வேண்டும். இத்தனை செய்தவருக்கு வாய்த்த முடிவு நல்லதாக இல்லை. ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் இந்த வேலைக்கு ஆகும் செலவை ஏற்காமல் நிறுத்திவிட்டார்.

மேகம் வரைந்த தூரிகை முகத்துக்கு வர அதிக காலம் ஆகவில்லை. உண்மையில் முகத்துக்கு முன்பே வந்திருந்தது. மியூனிக் நகரின் ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டேங்கில் 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில், நெகட்டிவைத் திருத்திய உருவப்படத்தையும் திருத்தாததையும் அருகருகே வைத்துக் காட்டினார். அம்மைத் தழும்பும் கண்ணுக்குக் கீழ் கருவளையமும் மறையும் என்று தெரிந்த பிறகு எந்த ஊரில் யார் சும்மா இருப்பார்கள்? கூர்மையான பென்சிலும், சரிந்த மேசையும், பின்னாலிருந்து ஒளி வரும் கண்ணாடியும் உலகத்து ஸ்டுடியோக்கள் எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டன. நம்மூர் ஸ்டுடியோக்களில் அதற்குப் பெயர் ‘டச்சிங்’. படம் பிடிக்கும் முதலாளி ஒருவர், டச்சிங் செய்கிறவர் இன்னொருவர் என்றிருந்த கடைகளில், படத்துக்குக் கூட்டம் வந்தது பெரும்பாலும் இரண்டாமவர் கையால்தான். நெகட்டிவின் மேல் மெல்லிய பசை தடவி, பென்சில் நுனியால் புள்ளி புள்ளியாக வைத்துத் தோலைச் சமன் செய்வார்கள். கண் மூடிய நேரத்தில் விழுந்துவிட்ட படத்துக்குக் கண் திறந்து வைத்தவர்களும் அவர்களே. வீட்டுச் சுவரில் மாலை போட்டுத் தொங்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை உற்றுப் பாருங்கள். தாத்தாவின் கன்னத்தில் அந்தப் பென்சில் இருக்கும்.

அமெரிக்காவில் இதே தேவைக்கு ஒரு இயந்திரம் பிறந்தது. அயோவாவைச் சேர்ந்த ஆப்னர் பீலர் 1870களின் பின்பாதியில், காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தூவும் ஒரு கைக்கருவியை உருவாக்கினார். அதை வாங்கிய லிபர்ட்டி வாக்கப், இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டில் வைத்துத் தயாரித்து ‘ஏர்பிரஷ்’ என்று விற்றார். விற்றால் மட்டும் போதுமா, பிடிக்கத் தெரிய வேண்டுமே. ஆகவே அதைக் கற்றுத்தர ஒரு கலைப்பள்ளியையும் தொடங்கினார். கருவியை விற்கிறவரே பயிற்சி மையமும் வைப்பது அன்றைக்கே வந்துவிட்ட வழக்கம். 1893இல் சார்ல்ஸ் பர்டிக் என்பவர் இதை மெலிந்த பேனா வடிவுக்குக் கொண்டுவந்து இங்கிலாந்துக்குப் போய்த் தொழில் நடத்தினார். விளிம்பு தெரியாமல் கரையும் நிறம் ஏர்பிரஷ்ஷின் வரம். அந்த வரத்தைச் சோவியத் அரசு கொடுமைக்குப் பயன்படுத்தியது. மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலின் பக்கத்தில் நின்ற, ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த நிகோலாய் யெஷோவ் 1940இல் கொல்லப்பட்டார். அதன் பிறகு வெளியான படத்தில் அவர் நின்ற இடத்தில் தண்ணீர் ஓடியது. போட்டோஷாப் தூரிகையில் ‘ஹார்ட்னெஸ்’ என்றொரு அளவு இருக்கிறதே, அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும்போது கிடைப்பது இந்த ஏர்பிரஷ்ஷின் கரையும் விளிம்பு.

இனி சோடா உப்பு. இங்கிலாந்தின் விட்னெஸ் ஊரில் ஒரு ரசாயன ஆலை. அங்கே ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர் என்ற சுவிஸ் வேதியியலாளரும் வெரோ டிரிஃபீல்ட் என்ற பொறியாளரும் வேலை பார்த்தார்கள். இருவருக்கும் புகைப்படம் பொழுதுபோக்கு. எவ்வளவு ஒளி விழுந்தால் பிளேட் எவ்வளவு கறுக்கும் என்று யாருக்கும் எண்ணில் சொல்லத் தெரியவில்லை. எல்லோரும் அனுபவத்தில் ஊகித்துக்கொண்டிருந்தார்கள். ஆலையில் அளந்தே பழகிய இருவருக்கும் அது பொறுக்கவில்லை. பல ஆண்டுகள் அளந்து 1890இல் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். கிடைக்கோட்டில் ஒளி, செங்குத்தில் கறுப்பின் அடர்த்தி. கோடு அடியில் மெதுவாகத் தவழ்ந்து, நடுவில் செங்குத்தாக ஏறி, உச்சியில் மறுபடி படுத்துக்கொண்டது. போட்டோஷாப்பில் ‘கர்வ்ஸ்’ என்ற கட்டத்தைத் திறந்து கோட்டின் கீழ்ப்பகுதியைச் சற்றே இறக்கி மேல்பகுதியைச் சற்றே ஏற்றினால் படம் துடிப்பாகத் தெரியும் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்லித் தருகிறார்கள். அப்படி இழுத்தபின் கட்டத்தில் தெரிவது விட்னெஸ் ஆலைக்காரர்களின் கோடு. பழைய ஃபிலிமின் இயல்பை டிஜிட்டல் படத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவே. அந்த ஆய்வு வந்தபோது, புகைப்படம் இயற்கையைப் பின்பற்றும் கலை என்று அதுவரை வாதாடிய பீட்டர் ஹென்றி எமர்சன் மனமுடைந்து, புகைப்படம் கலையே இல்லை என்று கறுப்புக் கரை போட்ட பிரசுரம் ஒன்றை வெளியிட்டார். ஒரு வளைகோட்டைப் பார்த்துத் துக்கம் அனுசரித்தவர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இப்போது குச்சி மிட்டாய்க்கு வருவோம். மின்விளக்கும் என்லார்ஜரும் இருட்டறைக்கு வந்தபின், நெகட்டிவ் மேலே, தாள் கீழே, நடுவில் வெறும் காற்று என்று ஆனது. அந்த நடுவெளியில் கையை நுழைக்கலாம். தாளில் எவ்வளவு ஒளி விழுகிறதோ அவ்வளவு கறுக்கும். ஆகவே ஒரு முகம் இருண்டு போகாமல் காக்க, கம்பி நுனியில் வட்ட அட்டை ஒன்றை ஒட்டி அந்த முகத்துக்கு மேல் சில நொடிகள் நிழல் விழச் செய்வார்கள். அதுதான் ‘டாட்ஜ்’. வானம் வெளுத்துப் போனால், இரண்டு கைகளையோ விரல்களையோ குவித்து நடுவில் ஓட்டை விட்டு, அந்த ஓட்டை வழியாக வானத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுப்பார்கள். அதுதான் ‘பர்ன்’. பட்டையில் நிற்கும் கை அந்தக் கை.

இதைக் கண்ணால் ஒருமுறை கண்டவருக்கு மற்றதை விளக்க வேண்டியதே இல்லை. இருட்டறையில் அட்டையை அசையாமல் பிடித்தால் அதன் விளிம்பு தாளில் கோடாக விழுந்துவிடும். அதனால் அதை இடைவிடாமல் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். போட்டோஷாப்பில் ‘எக்ஸ்போஷர்’ அளவை 10 சதவீதத்துக்கும் கீழே வைத்துக்கொண்டு, ஒரே இழுப்பில் முடிக்காமல் பலமுறை மெதுவாகத் தடவுங்கள் என்று தேர்ந்தவர்கள் சொல்வது இதனால்தான். ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தின் மேல் நிலா எழுவதைப் படமெடுத்தார். அந்த ஒரே நெகட்டிவிலிருந்து வாழ்நாள் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் போட்டார். ஆரம்பகாலப் பிரதியில் வானத்தில் மேகக் கீற்றுகள் தெரியும். பிற்காலப் பிரதிகளில் வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. நெகட்டிவ் அதேதான். ஒளிக்குள் நுழைந்த கை மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

1930களில் ஜெர்மனியில் இன்னொரு தந்திரம் பேசப்பட்டது. படத்தைக் கூர்மையாக்க, அதே படத்தின் மங்கலான பிரதி ஒன்றை எடுத்து நெகட்டிவோடு சேர்த்து வைத்து அச்சிடுவது. மங்கல் பிரதி பெரிய பரப்புகளின் ஒளிவேறுபாட்டைக் குறைத்துவிடும். சிறிய விளிம்புகளும் இழைகளும் மட்டும் மிஞ்சி எழுந்து நிற்கும். எத்தனை மங்கலாக வேண்டும் என்பது நெகட்டிவுக்கும் ஃபிலிமுக்கும் இடையில் வைக்கும் இடைவெளியைப் பொறுத்தது. ‘அன்ஷார்ப் மாஸ்க்’ கட்டத்தில் ‘ரேடியஸ்’ என்று இருப்பது அந்த இடைவெளி. 1970களில் ஆஸ்திரேலியாவில் வானியல் படவல்லுநர் டேவிட் மாலின் தொலைநோக்கி பிளேட்டுகளில் இதைக் கையாண்டார். விண்மீன் மண்டலங்களைச் சுற்றி அதுவரை கண்ணுக்குத் தப்பியிருந்த மெல்லிய ஒளி ஓடுகள் அவருடைய இருட்டறையில் தெரிந்தன. கல்யாண ஆல்பத்தில் ஜரிகையைப் பளிச்சென்று காட்ட நாம் நகர்த்தும் அதே அளவுகோல்!

போட்டோஷாப்பில் ‘குவிக் மாஸ்க்’ போட்டால் மறைத்த பகுதி சிவப்பாகத் தெரியும். ஏன் சிவப்பு? அச்சகங்களில் படத்தின் ஒரு பகுதியை மறைக்க ‘ரூபிலித்’ என்ற சிவப்புப் படலத்தைக் கத்தியால் வெட்டி உரித்து வைப்பார்கள். சிவப்பு மனிதக் கண்ணுக்கு ஊடாகத் தெரியும், அச்சு ஃபிலிமுக்கோ அது வெறும் இருட்டு. இதே ரூபிலித் படலத்தைத்தான் அந்நாளைய கணினிச் சில்லுகளின் வரைபடம் வெட்டவும் பயன்படுத்தினார்கள். 1971இல் இன்டெல் கொண்டுவந்த 4004 சில்லுக்கான வடிவம் அப்படிக் கத்தியால் வெட்டப்பட்டது. அச்சகத்து மேசையும் சில்லு வடிவமைப்பவரின் மேசையும் ஒரே சிவப்புப் படலத்தைப் பகிர்ந்துகொண்டன.

பேனா முள்ளைக் கண்டால் கற்பவர்கள் அஞ்சுகிறார்கள். சொடுக்கினால் ஒரு புள்ளி, இழுத்தால் இரண்டு பக்கமும் முளைக்கும் மீசைகள். அது பிரான்சில் கார் உடல்களின் வளைவை இயந்திரத்துக்குச் சொல்லப் பிறந்த கணக்கு. சித்ரோயன் கம்பெனியின் பால் டி காஸ்தெல்ஜோ 1959இல் அதைக் கண்டார்; கம்பெனி ரகசியமாகப் பூட்டி வைத்தது. ரெனோ கம்பெனியின் பியர் பெஸியர் தானாகவே அதே இடத்துக்கு வந்து சேர்ந்து, வெளியே எழுதினார். பெயர் அவருக்குப் போனது. அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி 1980களில் எழுத்துருக்களை அந்த வளைவுகளால் எழுதியது. 1987இல் இல்லஸ்ட்ரேட்டர் அதைப் பேனாவாக்கிக் கையில் தந்தது. மீசை நீளும் திசையில் வளைவு புறப்படுகிறது, நீளம் அதன் வேகம். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு கார் பானட்டின் விளிம்பை வரைந்து பழகுங்கள், பயம் போய்விடும்.

எல்லாம் கணினிக்குள் போக, முதலில் படம் எண்ணாக வேண்டும். 1957இல் அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வகத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் தன் மூன்று மாத மகனின் படத்தை ஸ்கேன் செய்தார். 176க்கு 176 சதுரப் புள்ளிகள். சதுரத்தைத் தேர்ந்தது அன்றைய வசதிக்காக. முதுமையில் அவரே அதற்காக வருந்தினார். 1973இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஷூப் ‘சூப்பர்பெயின்ட்’ என்ற வண்ணம் தீட்டும் மென்பொருளை இயக்கிக் காட்டினார். அலுவலகத்துக்கு வண்ணம் எதற்கு என்று ஜெராக்ஸ் ஆர்வம் இழந்தது. அங்கிருந்து வெளியேறிய ஆல்வி ரே ஸ்மித், நியூயார்க்கில் எட் கேட்மலுடன் சேர்ந்து, ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலத்தோடு ‘எவ்வளவு ஊடாகத் தெரியலாம்’ என்ற நான்காவது எண்ணையும் வைத்தார். லெ கிரேயின் மூடுதாள் இப்படி ஓர் எண்ணானது.

இஸ்ரேலின் ஸைடெக்ஸ் கம்பெனி வேறு வாசலில் வந்தது. முதலில் துணி நெசவுக்கு வடிவம் போடும் கணினி செய்தார்கள். பிறகு அதே அறிவை அச்சுக்குத் திருப்பினார்கள். 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகரபிக் பத்திரிகை, படுக்கை வாட்டப் படத்தை நின்ற வாட்ட அட்டைக்குள் அடக்க, அந்த இயந்திரத்தின் உதவியால் கிஸாவின் பிரமிடுகளை நெருக்கி வைத்தது. நாலாயிரத்து ஐநூறு ஆண்டுகளாக அசையாதவை அசைந்துவிட்டன என்று வாசகர்கள் கொதித்தார்கள். அத்தகைய இயந்திரங்களை வாங்கப் பெரிய நிறுவனங்களால் மட்டுமே முடிந்தது. இரண்டு ஆண்டு கழித்து ஆப்பிள் மேக்கின்டாஷோடு வந்த மேக்பெயின்ட்டில் பில் அட்கின்சன் கயிற்றுச் சுருக்கு, வாளி, பென்சில் எல்லாவற்றையும் சாதாரண மேசைக்குக் கொண்டுவந்தார். சின்னங்களைச் செதுக்கியவர் சூசன் கேர். தேர்ந்த பகுதியைச் சுற்றி ஊர்ந்து ஓடும் கோடுகள் அட்கின்சனுக்கு ஒரு பீர் விளம்பரப் பலகையில் அருவி ஓடுவதைப் பார்த்தபோது தோன்றியவை. அவை எறும்பு ஊர்வலம் மாதிரி இருப்பதாக ஒரு நண்பர் சொல்ல, பெயர் ஒட்டிக்கொண்டது.

மிச்சிகனின் ஆன் ஆர்பரில் கிளென் நால் என்ற அணுப்பொறியியல் பேராசிரியர் வீட்டின் அடித்தளத்தில் ஓர் இருட்டறை வைத்திருந்தார். மகன்கள் தாமஸும் ஜானும் அங்கே அப்பாவிடம் பிரிண்ட் போடக் கற்றார்கள். 1987இல் தாமஸ் முனைவர் பட்ட ஆய்வுக்கு நடுவே, தன் மேக் திரையில் சாம்பல் நிறங்கள் காட்ட வேண்டி ஒரு சிறு நிரல் எழுதினார். ஜான் அப்போது ஹாலிவுட் சிறப்புக் காட்சிகள் செய்யும் இன்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்கில் வேலை பார்த்தார். அங்கே பெரிய இயந்திரங்கள் செய்வதை இது ஏன் செய்யக்கூடாது என்று தம்பி கேட்கக் கேட்க அண்ணன் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். இருட்டறை தெரிந்த கை எழுதிய நிரல் அது. அதனால்தான் அதில் ஒளி அளவு, நிறச் சமன், கூர்மை எல்லாம் இருட்டறைக்காரர் எதிர்பார்க்கும் இடத்தில் இருந்தன. ஜான் அதை எல்லோருக்கும் காட்டப் பயன்படுத்தியது போரா போரா கடற்கரையில் தன் வருங்கால மனைவியின் முதுகுப்புறம் தெரிய எடுத்த ஒரு படம். பார்க்கிறவர் கண்முன்னே அந்தத் தீவை இரண்டாக்கிக் காட்டுவார். முதலில் பார்னிஸ்கேன் என்ற ஸ்லைடு ஸ்கேனரோடு சேர்ந்து சுமார் 200 பிரதிகள் போயின. அடோபி வாங்கிக்கொண்டு 1990 பிப்ரவரியில் வெளியிட்டது. அந்த முதல் பதிப்பின் நிரலை 2013இல் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டபோது எண்ணிப் பார்த்தார்கள்: ஏறக்குறைய 1,28,000 வரிகள்.

1990களின் தொடக்கத்தில் அது விண்டோஸுக்கு வந்தது. அந்த மாற்றத்தில் உழைத்தவர்களில் ஒருவர் சீதாராமன் நாராயணன். மென்பொருள் திறக்கும்போது தோன்றும் பெயர்ப் பட்டியலில் அவருடைய நீண்ட பெயரைப் பார்த்துப் பார்த்தே உலகெங்கும் பலர் அவருக்கு ரசிகர்கள் ஆனார்கள். இந்த விண்டோஸ் பதிப்புதான் நம்மூருக்கு வந்து சேர்ந்தது. பேஜ்மேக்கர், கோரல்டிரா, போட்டோஷாப் மூன்றும் சேர்ந்த டி.டி.பி. பாடம் பேருந்து நிலையத்தை ஒட்டிய மாடியறைகளில் நடந்தது. ஸ்டுடியோக்களில் டச்சிங் மேசை இருந்த மூலையில் கணினி வந்து உட்கார்ந்தது. பென்சில் பிடித்த சிலர் மௌஸுக்கு மாறினார்கள்; வெகு சுலபமாகவே மாறினார்கள், ஏனென்றால் கன்னத்தில் எங்கே புள்ளி வைக்க வேண்டும் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். மாறாமல் போனவர்களின் கைத்திறனை யாரும் பாடமாக எழுதி வைக்கவில்லை என்பது பெரிய இழப்பு. இன்று போட்டோஷாப் சொல்லித் தருகிற ஒவ்வொரு மையமும் அப்படிப்பட்ட ஒருவரை ஒரு நாளாவது அழைத்து உட்காரவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1994வரை போட்டோஷாப்பில் ஒட்டியது ஒட்டியதுதான். தேர்வை விட்டுவிட்டால் மேலே வைத்தது கீழே உள்ளதோடு கலந்துவிடும், பிரிக்க முடியாது. மூன்றாம் பதிப்பில் ‘லேயர்’ வந்தது; மேலே வைத்தது தனி அடுக்காகவே நின்றது. இதன் மூதாதை கார்ட்டூன் படம். 1914இல் ஏர்ல் ஹர்ட், பின்னணியை ஒருமுறை மட்டும் வரைந்துவிட்டு, அசையும் உருவங்களை ஒளி ஊடுருவும் செல்லுலாய்டுத் தாள்களில் வரைந்து மேலே வைக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டிருந்தார்.

பிளாஸ்திரி 2002இல் ஒட்டப்பட்டது. அதற்கு முன் ரப்பர் ஸ்டாம்ப் நல்ல தோலை அப்படியே பெயர்த்துப் பருவின் மேல் வைக்கும்; வெளிச்சம் மாறுபட்டால் ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும். அடோபியின் டோடார் ஜார்ஜியேவ் இழையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒளியையும் நிறத்தையும் சுற்றிலும் உள்ள விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பரவவிட்டார். அதன் கணிதம் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் பாய்சானுடையது. உலோகத் தகட்டின் ஓரங்களில் சூடு இருந்தால் நடுவில் எவ்வளவு இருக்கும் என்று கண்டுபிடிக்கவும் அதே சமன்பாட்டுக் குடும்பம்தான் உதவுகிறது. டச்சிங் மேசையில் பென்சில் பிடித்தவர் கண்ணளவில் செய்த சமன்.

நகல், களவு என்ற பேச்சும் இல்லாமல் இல்லை. பிரிட்டனின் குவான்டெல் நிறுவனம் 1981இல் ‘பெயின்ட்பாக்ஸ்’ என்ற தொலைக்காட்சி ஓவிய இயந்திரத்தைக் கொண்டுவந்தது. விளிம்பு கரையும் தூரிகைக்கும் படங்களைச் சேர்ப்பதற்கும் தனக்கே காப்புரிமை என்று சொல்லி, 1990இல் சொந்த நாட்டுச் சிறு நிறுவனமான ஸ்பேஸ்வார்டை நீதிமன்றத்தில் தோற்கடித்தது. அடுத்து அடோபிமேல் அமெரிக்காவில் வழக்கு. ஆனால் அங்கே 1970களின் சூப்பர்பெயின்ட்டும் ஆல்வி ரே ஸ்மித்தின் பழைய நிரல்களும் சாட்சிக்கு வந்தன. 1997இல் ஜூரி குவான்டெலின் காப்புரிமைகள் செல்லாது என்றது. ஜெராக்ஸ் வேண்டாம் என்று ஒதுக்கிய வேலை போட்டோஷாப்பைக் காப்பாற்றியது.

நகலெடுத்தவர்களிடமிருந்தும் நல்லவை பிறந்தன. பெர்க்லி மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் 1995இல் தொடங்கி, போட்டோஷாப்புக்கு இணையாக யாரும் இலவசமாகப் பயன்படுத்தும் ‘கிம்ப்’பை எழுதினார்கள். அதன் பொத்தான்களையும் கட்டங்களையும் வரைய அவர்கள் உருவாக்கிய கருவித்தொகுப்பின் மேல்தான் லினக்ஸின் ‘க்னோம்’ திரையே பின்னர் எழுந்தது. செக் நாட்டிலிருந்து இவான் குட்ஸ்கிர் 2013இல் தொடங்கிய ‘போட்டோபீ’யோ உலாவிக்குள்ளேயே ஓடுகிறது, நிறுவ வேண்டாம், பணம் கட்ட வேண்டாம், போட்டோஷாப் கோப்பையும் திறக்கும். பட்டையும் குறுக்குவிசைகளும் பெரும்பாலும் அதே இடத்தில்தான். சொந்தமாக மென்பொருள் வாங்க வழியில்லாத மாணவர் பள்ளிக் கணினியில் இதைத் திறந்து பழகலாம். நாளை ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குப் போனால் அங்கே அவர் விரல்கள் புதிதாக எதையும் தேட வேண்டியிருக்காது. முதலில் டாட்ஜைத் தொடச் சொல்வேன்: தாத்தா படம் ஒன்றை ஸ்கேன் செய்து, எக்ஸ்போஷரை 8இல் வைத்து, கண்களுக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம்.